அந்தக் கப்டனை நம்பலாமா?

வெள்ளவத்தையில், காலி வீதியில் உள்ள ஒரு ட்ராவல்ஸில் வேலை செய்கிறேன். ரொறொன்ரோ, லண்டன், பாரிஸ், சென்னை என்று எங்கள் சனம் போகாத இடம் இல்லை. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்த பிறகு வந்தவர்களில் பலர், ரிக்கெட் விலையைக் கேட்க முதலே ஃபோனை நீட்டினார்கள். "இதை ஒருக்காப் பார் பிள்ளை, கப்டன் ஒராள் சொல்லுறார்."

ஒரு அன்ரி, மகளின் பிரசவத்துக்கு ரொறொன்ரோ போக எங்களிடம் பதிவு செய்திருந்தார். கணினியில் அவருடைய பி.என்.ஆரை, அதாவது பயணப் பதிவை, திறந்தால் பயணத்தின் ஒரு பகுதிக்கு 788 என்று இருந்தது. போயிங் 787-8, விழுந்த அதே ரகம். வேறு விமானத்துக்கு மாற்றித் தரச் சொன்னார். மாற்றினால் மேலதிகக் கட்டணம், நடுவில் ஓர் இரவு முழுக்க விமான நிலையத்தில் காத்திருப்பு. அறுபது தாண்டிய, முழங்கால் வருத்தம் உள்ள ஒருவருக்கு அது சின்ன விசயம் இல்லை.

அவர் ஃபோனில் இரண்டு வீடியோ இருந்தன. ஒன்றில் விமானி பிழை, மற்றதில் விமானமே பிழை. இரண்டையும் அவர் ஒரே அளவில் நம்பினார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். 1998 செப்ரெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் 55 பேரோடு காணாமல் போனபோது அவர் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். அதன் பாகங்கள் கடலடியில் கண்டெடுக்கப்பட்டது 2012 இல்தான். விமானம் என்றால் அந்தத் தலைமுறைக்கு வயிறு கலங்கும். அந்தக் கலக்கத்தை வைத்துத்தான் இந்த வீடியோக்காரர்கள் பார்வையாளர் சேர்க்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

முதலாவது வீடியோவை அன்ரியோடு இருந்து வடிவாகப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, தோளில் நாலு பட்டை. விமானம் மேலெழும் மங்கலான காட்சியை நிறுத்தி, இறக்கையின் பின்பக்கம் சிவப்பு வட்டம் போட்டு, "ஃபிளாப்ஸ் விரிக்கப்படவில்லை, விமானி மறந்துவிட்டார்" என்று அடித்துச் சொன்னார். ஃபிளாப்ஸ் என்பது விமானம் மேலெழ உதவியாக இறக்கையின் பின்பக்கம் கீழே இறக்கும் தகடுகள். ஆனால் 787 புறப்படும்போது 5 என்ற நிலையில் ஃபிளாப்ஸ் கொஞ்சம்தான் இறங்கும். தூரத்திலிருந்து ஃபோனில் எடுத்து, அதைத் திரையில் ஓடவிட்டு, திரும்பவும் ஃபோனில் எடுத்த காட்சியில் அது தெரியவா போகிறது? அவர் வட்டம் போட்ட இடத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள்தான் இருந்தன.

அதே கிழமை, தெகிவளையிலிருந்து ஓர் அங்கிள் வந்தார். விமானப் பராமரிப்புப் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் அதே விபத்தின் தெளிவான பிரதி ஒன்றைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, முதலில் ஃபோனைக் காதில் வைத்துக் கேட்டார். சின்னப் புரொப்பெல்லர் விமானம் போவது போல ஒரு கீச்சொலி. அப்புறம் படத்தைப் பெரிதாக்கி, வயிற்றுப் பகுதிக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளியைக் காட்டினார். "இது ராம் எயார் ரேர்பைன். காற்றில சுத்தி அவசரத்துக்குச் சக்தி குடுக்கிற சாமான். தன்ர பாட்டில விழுந்திருக்கெண்டால் மின்சாரமோ ஹைட்ரோலிக்கோ போயிருக்கு, இல்லாட்டி ரெண்டு எஞ்சினும் போயிருக்கு. ஏன் போனதெண்டு இந்த வீடியோவில இல்லை பிள்ளை."

ஒரு மாதம் கழித்து, ஜூலை 12 அன்று, இந்திய விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவின் முதற்கட்ட அறிக்கை வந்தது. பதினைந்து பக்கம். ஃபிளாப்ஸ் கைபிடி 5 பாகை நிலையில் இறுகிப் பொருந்தியிருந்தது, அது வழமையான புறப்பாட்டு நிலை என்று அதில் இருக்கிறது. விமானம் எழுந்த உடனேயே ராம் எயார் ரேர்பைன் வெளியே வந்ததை விமான நிலையக் கமராக்கள் பதிந்திருக்கின்றன. இரண்டு எஞ்சின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு செக்கன் இடைவெளியில் நிறுத்தும் நிலைக்குப் போயிருக்கின்றன.

நான் உடனே அந்த நாலு பட்டைக்காரரின் பக்கத்துக்குப் போனேன். ஃபிளாப்ஸ் வீடியோ அப்படியே இருந்தது. கீழே ஒரு வரித் திருத்தம்கூட இல்லை. அவர் வேறொரு விபத்தைப் பற்றி அதே உறுதியோடு கதைத்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் யாரையாவது நம்பலாமா என்று என்னிடம் கேட்டால், நான் முதலில் தேடுவது இதைத்தான். புது வீடியோவை விடுங்கள். பழையதைப் பாருங்கள். அறிக்கை வந்த பிறகு அவர் தன் பழைய பேச்சுக்குத் திரும்பி வந்தாரா? அமெரிக்க விமானி ஒருவரும் முதலில் ஃபிளாப்ஸைத்தான் சந்தேகித்தார். தெளிவான காட்சி கிடைத்ததும் ரேர்பைனைக் காட்டி, முன்பு சொன்னதை மாற்றி வெளிப்படையாகவே பேசினார். அவர் மேல் எனக்கு மதிப்புக் கூடியது.

சீருடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரத்மலானைப் பக்கம் போனால் தோளில் பட்டையோடு பறப்புப் பயிற்சி மாணவர்களைக் காணலாம். நல்ல பிள்ளைகள், கஷ்டப்பட்டுப் படிக்கிறார்கள். ஆனால் தனியார் விமானி உரிமத்துக்குச் சர்வதேச விதிப்படி பொதுவாக 40 மணித்தியாலப் பறப்புப் போதும். பெரிய பயணிகள் விமானத்துக்குக் கப்டனாகத் தேவைப்படும் ஏ.டி.பி.எல். உரிமத்துக்கு 1500 மணித்தியாலம். அதற்கு மேல் ஒவ்வொரு விமான ரகத்துக்கும் தனிப் பயிற்சி. ஆக, "நான் பைலட்" என்பவரிடம் எந்த ரகம் ஓட்டினீர்கள், எங்கே, இப்போதும் ஓட்டுகிறீர்களா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. உண்மையில் ஓட்டியவர்கள் அதைக் கேளாமலே சொல்லிவிடுவார்கள்.

அடுத்த கூட்டம், விமானங்கள் போகும் பாதையை வரைபடத்தில் காட்டும் ஃபிளைட்ரேடார்24 தளத்தின் படத்தை வைத்துப் பேசுபவர்கள். அகமதாபாத் விமானம் ஓடுபாதையின் பாதியிலிருந்தே புறப்பட்டது என்று வரைபடத்தோடு சொன்னார்கள். அந்த இடத்தில் சிக்னல் விடுபட்டிருந்தது, அவ்வளவுதான். விமானம் ஓடுபாதையின் முனை வரை போய்த் திரும்பி முழு நீளத்தையும் பாவித்தது என்று அந்த நிறுவனமே பிறகு விளக்கியது. விமானம் 625 அடி உயரம் வரை போனது என்று அவர்கள் சொன்ன கணக்கும் அப்படித்தான். அது நிலத்திலிருந்து அளந்த உயரம் இல்லை. அன்றைய காற்றழுத்தத்தைத் திருத்தி, ஓடுபாதையின் உயரத்தையும் கழித்தால் மிஞ்சுவது மிகக் குறைவு. எண்ணைக் காட்டுபவருக்கு அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அறிக்கை வந்த பிறகு நடந்தது இன்னும் மோசம். விமானி அறைப் பதிவில் ஒருவர் மற்றவரிடம் எரிபொருளை ஏன் நிறுத்தினாய் என்று கேட்கிறார், மற்றவர் நான் நிறுத்தவில்லை என்கிறார். எது யாருடைய குரல் என்று அறிக்கை சொல்லவில்லை. சுவிட்ச் எப்படி நகர்ந்தது என்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று பின்னேரமே ஒரு வீடியோக்காரர், விமானி ஒருவரின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டி, அந்த விமானியின் குடும்ப வாழ்க்கை வரைக்கும் போய்விட்டார். விமானத்தில் 241 பேரும் தரையில் 19 பேரும் இறந்த விபத்து. இறந்த விமானிகளுக்கும் வீடு இருக்கிறது, அங்கே இருப்பவர்களும் ஃபோன் பார்க்கிறார்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 13 ஆம் இணைப்பு, புலனாய்வின் ஒரே நோக்கம் இனி விபத்து நடக்காமல் தடுப்பது, பழி சுமத்துவது இல்லை என்று சொல்கிறது. இதை வாசித்த ஒருவர் அப்படிப் பேசமாட்டார்.

அன்ரிக்கு அறிக்கையில் இருந்ததை, இருந்த அளவுக்கு, தமிழில் சொன்னேன். காரணம் இன்னும் முடிவாகவில்லை என்பதையும் மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பழைய ரிக்கெட்டிலேயே போகிறேன் என்றார்.

ஆனால் இது என் வேலை இல்லை. நான் ரிக்கெட் போடுபவள். கட்டுநாயக்கவிலும் இரத்மலானையிலும் வருசக்கணக்காக விமானத்தைக் கழற்றிப் பூட்டிய தமிழர்கள் இருக்கிறார்கள், தெகிவளை அங்கிள் மாதிரி. அவர்கள் யாராவது அந்தப் பதினைந்து பக்கத்தையும் வரி வரியாகத் தமிழில் வாசித்து விளக்கினால் நான் அதை வருகிற எல்லோருக்கும் அனுப்புவேன். அங்கிளிடம் கேட்டிருக்கிறேன். கமராவுக்கு முன்னால் இருக்க வெட்கமாக இருக்கிறதாம். குரல் மட்டும் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.