விடுதலைப் பத்திரமும் ஒரு கையெழுத்தும்: மேலூரிலிருந்து சில குறிப்புகள்

2024 டிசம்பர் 30, திங்கள்

மேலூர் வட்ட சட்டப் பணிகள் குழுவில் தன்னார்வலராக நான் அமரும் மேசைக்கு இன்று அறுபதை நெருங்கும் ஒரு பெண்மணி வந்தார். அவருடைய பெயரையும் ஊரையும் எழுதப் போவதில்லை. மற்றவற்றை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். நான்குவழிச் சாலையை ஒட்டிய இரண்டரை ஏக்கர் பூர்வீக நிலத்தை விற்பதற்குத் தம்பிகள் இருவரும் விலை பேசி முடித்திருக்கிறார்கள். வாரிசுச் சான்றிதழைப் பார்த்த வாங்குபவரின் வழக்கறிஞர், அக்காள் தங்கை இருவரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தராமல் கிரயம் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். எழுதிவைத்த பத்திரத்தின் நகல் ஒன்றை அவர் முந்தானையில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். "ஒரு கையெழுத்துத்தானே அக்கா, அதுக்குப் போயி ஏன் யோசிக்கிற" என்று சின்னத் தம்பி கேட்டானாம். கையெழுத்துப் போட மறுத்தால் இந்த ஆண்டு பிறந்த வீட்டிலிருந்து பொங்கல்படி வருமா என்பதுதான் அவருடைய முதல் கவலையாக இருந்தது.

பெண்களுக்கு வருமான வரம்பு எதுவுமின்றி இலவச சட்ட உதவி உண்டு என்பதை விளக்கி, மனு எழுதி வாங்கிக்கொண்டேன்.

2025 ஜனவரி 3, வெள்ளி

இன்று தங்கையையும் அழைத்து வந்தார். மூத்தவருக்கு 1986-இலும் இளையவருக்கு 1992-இலும் திருமணம் நடந்திருக்கிறது. தங்கைக்குப் பங்கு உண்டு, தனக்கு இல்லை என்று மூத்தவர் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

பெண்ணுக்கும் ஆணைப்போலவே சொத்துரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் நிறைவேற்றியது. அறுபது ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளும் மகனைப்போலப் பிறப்பாலேயே பங்காளி என்று ஆக்கியபோது, 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமானவர்களை மட்டும் வெளியே நிறுத்திவிட்டது. ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே வயலில் நாற்று நட்ட இருவரைத் திருமணத் தேதி ஒன்றே பிரித்துவைத்தது. நல்ல நோக்கத்தோடு வந்த சட்டம் செய்த இந்த அநீதியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல் அந்தத் தடையை நீக்கியது. ஆனாலும் இவர்களுடைய தந்தை 2003-லேயே உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற கேள்வியில் தீர்ப்புகள் முன்னுக்குப்பின் முரணாக இருந்துவந்தன. உரிமை பிறப்பால் வருவது, தந்தை அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு முடிவு சொன்னது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மூத்தவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப எனக்கும் உண்டா தாயி?" என்று கேட்டார். உரிமை இல்லாதவரிடம் எவரும் விடுதலைப் பத்திரம் கேட்பதில்லை என்றேன்.

2025 ஜனவரி 8, புதன்

தம்பிகள் வந்தார்கள். மரியாதையாகவே பேசினார்கள். தந்தை 2000-லேயே ஊர்ப் பெரியவர்களை வைத்து வாய்மொழியாகப் பாகம் பிரித்துவிட்டதாகச் சொல்லி, பாகம் பிரித்ததை எழுதிய, முத்திரையும் பதிவும் இல்லாத ஒரு கூர்ச்சீட்டைக் காட்டினார்கள். 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்போ இருந்தால் அதைச் சட்டம் கலைப்பதில்லை. வாய்மொழிப் பாகத்தைச் சாதாரணமாக ஏற்பதில்லை. அதன்படியே பட்டா மாறியது போன்ற அரசு ஆவணங்கள் அதைத் தெளிவாகக் காட்ட வேண்டும். இங்கே பட்டா இன்றுவரை தந்தை பெயரிலேயே இருக்கிறது.

பிறகு சீர்வரிசைப் பேச்சு எழுந்தது. எத்தனை பவுன், எத்தனை பாத்திரம், காதுகுத்துக்குச் செய்தது என்ன என்று ஒன்று விடாமல் சொன்னார்கள். அதில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அக்காளுக்குச் செய்வதற்காக அவர்கள் கடன்பட்டதும் உண்மைதான். ஆனால் சீராகத் தந்தது அவளுடைய சீதனம். அதை நிலப் பங்குக்கு ஈடாகச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. தம்பிகளுக்கும் திருமணச் செலவு ஆகியிருக்கிறது, அதை யாரும் அவர்கள் பங்கில் கழிக்கவில்லையே என்று குழுவின் வழக்கறிஞர் கேட்டபோது பெரிய தம்பி பதில் சொல்லவில்லை.

2025 ஜனவரி 20, திங்கள்

பொங்கல்படி வந்ததாம். அரிசி, வெல்லம், கரும்பு, சேலை எல்லாம் வழக்கம்போல் வந்திருக்கின்றன. கொண்டுவந்து இறக்கிய தம்பி மட்டும் உட்காராமல் போய்விட்டாராம்.

இன்று பங்குக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினோம். தந்தையும் நான்கு பிள்ளைகளும் ஆளுக்கு 1/5. தந்தையின் 1/5 அவருடைய மனைவிக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் சமமாக, ஆளுக்கு 1/25. ஆக 250 சென்ட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 60 சென்ட், தாய்க்கு 10 சென்ட். பல முறை போட்டுப் பழகிய கணக்குதான் என்றாலும் அந்தப் பத்து என்னை இன்றும் உறுத்தியது. எண்பதைத் தொடும் அந்த ஆத்தா அந்த நிலத்தில் களை எடுத்து, கதிர் அறுத்து, கடன் அடைத்தவர். மகளைப் பங்காளியாக ஏற்ற சட்டம் மனைவியை அப்படி ஏற்கவில்லை. கணவன் இறந்த பிறகு வாரிசாக மட்டுமே அவளைக் காண்கிறது. கணவன் சம்பாதித்து வாங்கும் சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்புக்கும் சம பங்கு உண்டு என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. பூர்வீக நிலத்துக்கு அந்த வழி இன்னும் திறக்கவில்லை. திறந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

2025 பிப்ரவரி 19, புதன்

சமரசம் ஆகிவிட்டது. சாலையோர 120 சென்ட்டைத் தம்பிகள் விற்றுக்கொள்கிறார்கள். தங்கை தன் 60 சென்ட்டுக்கு ஈடாகப் பணம் பெற்றுக்கொண்டு விடுதலை எழுதித் தருகிறார். தொகை முழுவதும் பத்திரத்திலேயே குறிக்கப்படும். அக்காள் பணம் வேண்டாம், கிணற்றை ஒட்டிய 60 சென்ட் நிலமாகவே வேண்டும் என்று கடைசிவரை நின்றார். ஆத்தாவின் பத்து சென்ட் அவர் பெயருக்கே வருகிறது. வீட்டில் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும் எழுத்தில் சேர்க்கும்படி இரண்டு மகள்களும் வற்புறுத்தி வாங்கினார்கள். ஆத்தாவிடம் படித்துக் காட்டியபோது, "எம் பேருல பட்டாவா?" என்று இரண்டு முறை கேட்டார்.

மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடாகப் பதிந்துவிட்டால் மேல்முறையீடு கிடையாது என்பதால், கையெழுத்துக்கு முன் எல்லாரும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு படிக்கட்டும் என்று ஆளுக்கொரு நகல் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். அதன் பிறகு உட்பிரிவு செய்து தனிப்பட்டா கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். நில அளவையர் கல் ஊன்றும் நாளில் தானும் வரப்பில் வந்து நிற்பதாகப் பெரிய தம்பி அக்காளிடம் சொல்லிவிட்டுப் போனார்.