தெரிந்த கணக்கு தேர்வறையில் ஏன் வரவில்லை?

கல்லூரி முதலாண்டில் கணிதத் தாளில் தோற்றேன். படிக்காமல் போய்த் தோற்றிருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே இல்லை. முந்தைய இரவு மூன்று முறை போட்டுப் பார்த்த பகுதித் தொகையிடல் கணக்குதான் (பெருக்கலாக இருக்கும் இரண்டு உறுப்புகளில் ஒன்றை 'யூ' என்று எடுத்துத் தொகையிடும் முறை) மூன்றாவது கேள்வியாக வந்திருந்தது. பார்த்ததும் 'இது தெரியுமே' என்று தோன்றியது. ஆனால் எந்த உறுப்பை 'யூ' என்று எடுப்பது என்ற முதல் படியே வரவில்லை. உள்ளங்கை வேர்த்து, விடைத்தாளின் ஓரம் ஈரமாகி, எழுதியிருந்த இரண்டு வரியும் மை பரவிக் கலங்கிவிட்டது. முன் வரிசையில் யாரோ எழுந்து கூடுதல் தாள் வாங்கினார். அதைப் பார்த்ததும் இருந்த கொஞ்சம் நிதானமும் போய்விட்டது. அந்த ஒரு கணக்கிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மணி அடித்து, தாளைக் கொடுத்து, படிக்கட்டில் இறங்கும்போது முதல் படி தானாக நினைவுக்கு வந்தது.

பல மாதம் இதை 'நினைவாற்றல் போதவில்லை' என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் வேறு என்று பிறகுதான் தெரிந்தது. கணக்குப் போடும்போது இடையில் வரும் எண்களையும் அடுத்த படியையும் மனம் ஒரு சின்ன இடத்தில் பிடித்து வைத்திருக்கிறது. செயல்படு நினைவு என்று அதைச் சொல்வார்கள். 'தோற்றுவிடுவேனோ' என்ற கவலையும் வந்து அதே இடத்தில்தான் உட்காரும். கவலைக்கு இடம் கொடுத்துவிட்டுக் கணக்குக்கு எங்கே போவது?

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பெய்லாக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் இதைச் சோதித்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தேர்வுக்கு முன் 10 நிமிடம், அந்தத் தேர்வைப் பற்றிய தங்கள் பயத்தை மாணவர்கள் காகிதத்தில் எழுதினார்கள். அப்படி எழுதியவர்கள், குறிப்பாக இயல்பிலேயே தேர்வுப் பயம் அதிகம் உள்ளவர்கள், எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். மறுதேர்வுக்கு முன் நானும் செய்து பார்த்தேன். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'மறுபடி தோற்றால் வீட்டில் முகத்தை எப்படிப் பார்ப்பது' என்று எழுதிய வரி இன்னும் இருக்கிறது. எழுதியதால் பயம் போகவில்லை. ஆனால் அது என்ன பயம் என்று தெரிந்துவிட்டது, அதுவே பெரிய உதவி.

பயத்தைச் சமாளிப்பது ஒரு பாதிதான். நான் தோற்றதற்கான விதை அதற்கு எட்டு வாரம் முன்பே வகுப்பில் விழுந்திருந்தது. ஒரு படி புரியவில்லை. 'யாருக்காவது சந்தேகம் இருக்கா?' என்று ஆசிரியர் கேட்டார். யாரும் கை தூக்கவில்லை, நானும் தூக்கவில்லை. எல்லாருக்கும் புரிந்துவிட்டது, எனக்கு மட்டும்தான் இல்லை என்று எண்ணிக்கொண்டேன். அடுத்த பாடம் அந்தப் படியின் மேல்தான் நின்றது. அதற்கடுத்ததும் அப்படியே.

மறுதேர்வுக்கு நான்கு பேர் சேர்ந்து படித்தோம். அதில் ஒருவன் எதையும் சட்டென்று போட்டுவிடுவான். ஒருநாள் அவன் 'இது ஈஸிதான்' என்று சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. 'உனக்கு ஈஸின்னா எல்லாருக்குமா?' என்று எரிந்து விழுந்தேன். இரண்டு நாள் அவன் வரவில்லை. மூன்றாம் நாள் நானே போய், 'அன்னிக்கு நான் பேசினது தப்பு. உன் வேகத்தைப் பார்த்து எனக்குப் பயமா இருந்துச்சு, அதான்' என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'எனக்கும் அந்த மூணாவது அத்தியாயம் புரியலடா. உங்கள்ட்ட கேட்கக் கூச்சமா இருந்துச்சு' என்றான். அன்று மாலையே நால்வரும் அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து தொடங்கினோம். நான்கு பேருக்கும் நான்கு வெவ்வேறு இடத்தில் சிக்கல் இருந்தது. ஒரு மன்னிப்புக்கு இவ்வளவு பாடம் புரிய வைக்கும் சக்தி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இது என் ஒருவன் கதை மட்டும் இல்லை. பயத்தைச் சமாளிப்பது, பிறரோடு ஒத்துப்போவது போன்ற சமூக, உணர்வுத் திறன்களைப் பள்ளியிலேயே கற்றுத்தரும் 213 திட்டங்களின் முடிவுகளை உளவியல் ஆய்வாளர் ஜோசப் டர்லாக் குழுவினர் 2011-இல் தொகுத்தார்கள். மொத்தம் 2,70,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள். நூறு பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்பவர் சுமார் 11 பேரைத் தாண்டி முன்னே வரும் அளவுக்குப் படிப்பிலும் முன்னேற்றம் தெரிந்தது. அமெரிக்காவில் இன்னோர் ஆய்வு, மழலையர் வகுப்பில் இருந்த சுமார் 750 குழந்தைகளை 25 வயதுவரை பின்தொடர்ந்தது. பகிர்தல், பிறர் மனதைப் புரிந்துகொள்ளுதல், சண்டையைத் தாங்களே தீர்த்துக்கொள்ளுதல் போன்றவற்றில் ஆசிரியர் தந்த மதிப்பீடு ஒரு புள்ளி கூடியிருந்தால், கல்லூரிப் பட்டம் பெறும் வாய்ப்பு இரண்டு மடங்காக இருந்தது. முழுநேர வேலையில் இருக்கும் வாய்ப்பும் அதிகம். 2015-இல் வந்த முடிவு இது.

இதைப் படித்துவிட்டு 'எனக்குச் சின்ன வயசிலேயே அந்தக் குணம் இல்லையே' என்று யாரும் மனம் தளர வேண்டாம். ஒன்றோடு ஒன்று சேர்ந்து வந்தது என்பதைத்தான் பின்தொடர்ந்த ஆய்வு காட்டுகிறது. குடும்பச் சூழலுக்கும் அதில் பங்கு உண்டு. எனக்கு நம்பிக்கை தருவது டர்லாக் குழுவின் தொகுப்புதான், ஏனென்றால் அதில் இருந்தவர்கள் இந்தத் திறன்களைக் கற்றுக்கொண்டவர்கள். நானும் இருபது வயதை நெருங்கும்போதுதான் கற்கத் தொடங்கினேன்.

படிப்புக்கு நேர அட்டவணை போடும்போது இந்தத் திறன்களைப் பழகவும் இடம் வையுங்கள். மாதிரித் தேர்வு எழுதும்போது வேண்டுமென்றே ஒரு கடினமான கேள்வியைச் சேர்த்து, ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் அரைப்பக்கம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பழகுங்கள். விட்டுவிட்டுப் போவது கேட்க எளிது, பழகாமல் தேர்வறையில் கை வராது. மறுதேர்விலும் எனக்கு ஒரு கேள்வியில் அதே இருட்டு வந்தது. பேனாவைக் கீழே வைத்து, மூச்சை மெதுவாக விட்டு, பக்கத்தைத் திருப்பினேன். கடைசி இருபது நிமிடத்தில் திரும்பி வந்தபோது அந்தக் கணக்கு ஏழு வரியில் முடிந்தது.

சந்தேகம் கேட்கக் கூச்சமாக இருந்தால், 'புரியவில்லை' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். 'இந்த இரண்டாம் வரி வரைக்கும் புரிகிறது, மூன்றாவது வரி எப்படி வந்தது?' என்று கேளுங்கள். கேள்வியை முந்தைய நாளே எழுதி எடுத்துப் போங்கள். வாய் உலர்ந்தாலும் எழுதியதைப் பார்த்து வாசித்துவிடலாம். நான் முதன்முதலில் வகுப்பில் கேட்ட கேள்வி அப்படி வாசித்ததுதான். ஆசிரியர் பலகையில் அந்த வரியை மறுபடி எழுதத் தொடங்கியதும், பின் பெஞ்சில் நோட்டுகள் திறக்கும் சத்தம் கேட்டது.