நீலம் நிறம் மாறிய நொடி

எலுமிச்சைச் சாறு ஒரு துளிதான். விழுந்த இடம் மட்டும் சட்டென்று ஊதாவானது.

காலையில் வேலியோரம் தானாகப் படர்ந்திருந்த சங்குப்பூக் கொடியில் ஐந்து பூ பறித்தேன். அடியிலிருந்த பச்சைப் புல்லியைக் கிள்ளி எடுத்துவிட்டு வெந்நீரில் போட்டேன்.

இதழின் ஓரத்திலிருந்து நீலம் நூல் நூலாக இறங்கியது. சில நிமிடங்களில் பூ வெளுத்துப்போய்விட்டது. தண்ணீர் மை போல ஆகிவிட்டது. அப்புறம்தான் எலுமிச்சை.

ஆந்தோசயனின் என்கிற நிறமி செய்கிற வேலை இது. புளிப்பு ஏற ஏற நிறம் மாறும். சிவப்பு முட்டைக்கோஸை நறுக்கிப் புளிப்பில் போட்டாலும் இதையே பார்க்கலாம்.

சுவை என்று பெரிதாக ஒன்றுமில்லை. லேசான பச்சைப்பயறு வாசம். அவரைக் குடும்பத்துச் செடி அல்லவா!

நாட்டு மருத்துவத்தில் இதன் வேரை நினைவாற்றலுக்குச் சொல்வார்கள். ஆனால் வேரும் விதையும் பேதியாக்கும். வைத்தியர் கையில் இருக்க வேண்டியவை அவை. பூ சாப்பிடலாம் என்பதாலேயே செடி முழுவதும் சாப்பிடலாம் என்று ஆகிவிடாது.

எனக்கு உண்மையாகவே பயம் அரளியைப் பார்த்துத்தான். அதுவும் இதே மாதிரி வேலியோரம், அவ்வளவு அழகாகப் பூக்கும். ஆனால் பூ, இலை, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. தயவுசெய்து, பெயர் உறுதியாகத் தெரியாத பூவை வாயில் வைக்காதீர்கள். மருந்தடித்த செடியிலும், வண்டிப் புகை படியும் சாலையோரத்திலும் பறிக்காதீர்கள்.

கொடியில் இன்னும் நான்கு மொட்டு இருக்கிறது. நாளைக் காலை விரிந்துவிடும் போல.