ஸ்காலேயாவில் 35,000 யூரோவுக்கு ஒரு கடலோர வீடு

இத்தாலி என்கிற பூட்ஸின் கால்விரல் பக்கம் இருக்கிறது கலாப்ரியா. அதன் மேற்குக் கரையில் ஸ்காலேயா, தியாமாந்தே, பெல்வெதெரே மாரித்திமோ என்று ஊர்கள் வரிசையாக வரும் பட்டைக்கு ‘ரிவியேரா தெய் செத்ரி’ என்று பெயர். செத்ரோ என்பது நார்த்தங்காய் வகைப் பழம். யூதர்களின் சுக்கோத் பண்டிகைக்காக ரப்பிகள் என்ற யூத மதகுருக்கள் கோடைதோறும் நேரில் வந்து, ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்துப் பறிக்கிறார்கள். வீடு வாங்க வருகிறவருக்கும் அந்தக் கண் வேண்டும்.

இங்கே விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் எளிது. 1970, 80களில் நேப்பிள்ஸ் பக்கத்துக் குடும்பங்கள் ஆகஸ்ட் விடுமுறைக்கென்று வாங்கிப் போட்ட அடுக்கக வீடுகள் ஏராளம். பிள்ளைகளுக்கு அதில் ஆசையில்லை, வரி மட்டும் வருகிறது. அதனால் ஓரிரு அறை வீடுகள் 20,000 முதல் 40,000 யூரோவுக்குள் கிடைக்கின்றன. பேரம் பேசி ஆயிரம், இரண்டாயிரம் குறைப்பதில் பெரிய லாபமில்லை. பணம் போவதெல்லாம் ஆவணங்களில்தான்.

முதலில் ஒரு தடை இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள பாஸ்போர்ட் என்றால், இத்தாலியில் வேலைக்கோ குடும்பத்துக்கோ தந்த வதிவிட அனுமதி செல்லுபடியில் இருந்தால் சிக்கலில்லை. பலேர்மோவில் வாழும் ஈழத்தமிழர் பலருக்கு இந்த வழி திறந்தே இருக்கிறது. அனுமதி இல்லாதவர்களுக்குப் ‘பரஸ்பர’ விதி வரும்: உங்கள் நாட்டில் இத்தாலியர் ஒருவர் வீடு வாங்க முடியுமா என்று பார்ப்பார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, பத்திரம் முடித்துத் தரும் நோட்டரியிடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே வரி எண்ணான ‘கோதிச்சே ஃபிஸ்காலே’ வேண்டும். வரி அலுவலகத்திலோ இத்தாலியத் தூதரகத்திலோ இலவசமாகத் தருவார்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும் மாதம் ஜனவரி அல்லது பிப்ரவரியாக இருக்கட்டும். ஆகஸ்டில் எல்லா வீடும் அழகுதான். குளிர்காலத்தில்தான் வடக்குச் சுவரின் பூஞ்சையும், அலமாரிக்குப் பின்னால் உள்ள ஈரமும் தெரியும். பால்கனியின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். கடற்காற்றில் கம்பி துருப்பிடித்துச் சிமென்ட் பெயர்ந்திருந்தால், அந்தச் செலவு உங்கள் வீட்டோடு நிற்காது, கட்டிடம் முழுக்கப் பங்கு போடப்படும். ரயில் பாதை பல இடங்களில் கரையை ஒட்டியே ஓடுகிறது. இரவு பத்து மணிக்குப் படுக்கையறையில் நின்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிடித்திருந்தால் ஏஜெண்ட் ‘ப்ரொபோஸ்தா’ என்ற விலைக்கேட்புத் தாளை நீட்டுவார். விற்பவர் சம்மதித்த செய்தி உங்களுக்கு வந்த நிமிடமே அது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், ஏஜெண்டின் கமிஷனும் அப்போதே அவருக்குரியதாகிவிடும். கமிஷனை இரு தரப்பும் கொடுக்க வேண்டும். மலிவு வீடுகளுக்குச் சதவீதம் பார்க்காமல் குறைந்தபட்சத் தொகை வைத்திருப்பார்கள், அதன்மேல் 22 சதவீத வாட் வரி. அதனால் ‘தொழில்நுட்ப அறிக்கை சரியாக இருந்தால் மட்டுமே செல்லும்’ என்ற வரியை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த அறிக்கையைத் தருபவர் ‘ஜியோமெத்ரா’ என்ற கட்டிட அளவையாளர். ஏஜெண்ட் காட்டுபவரை விட்டுவிட்டு நீங்களே ஒருவரைப் பிடியுங்கள், சில நூறு யூரோ ஆகும். அவர் முதலில் பார்ப்பது அரசின் சொத்துப் பதிவேட்டில் உள்ள தரைப்படமான ‘பிளானிமெத்ரியா’. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தால் போதும், பாதி கதை தெரிந்துவிடும். படத்தில் திறந்த பால்கனி, நேரில் அலுமினிய ஜன்னல் போட்டு, தொட்டி வைத்து, கேஸ் குழாய் இழுத்த சமையலறை. இந்தக் கரையில் அடிக்கடி காணும் காட்சி இது. இன்னொன்று, ஒரே மாதிரி நாற்பது வீடுகள் உள்ள வளாகத்தில் உங்கள் வீட்டின் உட்பிரிவு எண் பக்கத்து வீட்டுக்காரர் பேரில் மாறிக் கிடப்பது. படமும் வீடும் பொருந்துகின்றன என்று பத்திரத்தில் எழுத வேண்டும் என்பது 2010 முதல் சட்டம். பொருந்தாவிட்டால் பத்திரமே செல்லாமல் போகலாம்.

படத்தை மட்டும் திருத்தினால் தீராது. நம் ஊர்ப் பட்டா போலத்தான் அந்தப் பதிவேடும். வரிக்கானது, உரிமைக்கோ கட்டிட அனுமதிக்கோ அது சான்றாகாது. ஜியோமெத்ரா நகராட்சியில் மூல அனுமதியை எடுத்துப் பார்க்க வேண்டும். சட்டப்படி 30 நாள், நடப்பில் இரண்டு மூன்று மாதமும் ஆகும். அனுமதியில்லாமல் கட்டியவற்றுக்கான 1985ஆம் ஆண்டின் பொதுமன்னிப்புச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டு, ஆணை இன்னும் வராத வீடுகள் உண்டு. “மனு கொடுத்திருக்கிறோம்” என்பதை “அனுமதி வாங்கிவிட்டோம்” என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கடலிலிருந்து 300 மீட்டருக்குள் நிலக்காட்சிப் பாதுகாப்பு விதி வேறு இருப்பதால், மூடிய பால்கனியைச் சட்டப்படியாக்குவது இன்னும் கடினம். 2024இல் வந்த திருத்தம், 60 சதுர மீட்டருக்குக் குறைந்த வீடுகளில் ஏற்கெனவே நடந்த பழைய வேலைகளுக்கு 6 சதவீதம்வரை அளவு விலகலைப் பொறுத்துக்கொள்கிறது. சுவர் பத்து சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் அது உதவும், புதிதாக முளைத்த அறைக்கு உதவாது.

அறிக்கை சரியென்றால் ‘கொம்ப்ரொமெஸ்ஸோ’, அதாவது கிரய ஒப்பந்தம். முன்பணத்துக்கு ‘கப்பார்ரா கொன்ஃபிர்மத்தோரியா’ என்ற சொல் எழுத்தில் இருக்க வேண்டும். விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திரும்பும், நீங்கள் பின்வாங்கினால் போய்விடும். வெறும் ‘அக்கோந்தோ’, அதாவது விலையில் ஒரு பகுதி, என்று எழுதினால் இரட்டிப்பு கேட்க முடியாது. வீடு பரம்பரைச் சொத்து என்றால் எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு பேரில் ஒருவர் அர்ஜென்டினாவில் இருந்தால், அவருடைய பவர் பத்திரம் வந்து சேரும்வரை பொறுக்க வேண்டியதுதான்.

அடுக்கக நிர்வாகியிடம் நிலுவைக் கடிதம் வாங்காமல் இறுதிப் பத்திரத்துக்குப் போகாதீர்கள். நடப்பு ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் பழைய உரிமையாளர் கட்டாத பராமரிப்புத் தொகைக்கு நீங்களும் பொறுப்பு.

இறுதிப் பத்திரம் ‘ரோஜித்தோ’. நோட்டரியைத் தேர்ந்தெடுப்பதும் அவருக்குக் கட்டணம் தருவதும் வாங்குபவர்தான். இத்தாலியம் தெரியாவிட்டால் இருமொழிப் பத்திரமோ மொழிபெயர்ப்பாளரோ வேண்டும். பதிவு முடியும்வரை விலைப் பணத்தை நோட்டரியே தனிக்கணக்கில் வைத்திருக்கும்படி கேட்க 2017 முதல் சட்டத்தில் வழி உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள்.

தனியாரிடம் வாங்கும் இரண்டாவது வீட்டுக்குப் பதிவு வரி 9 சதவீதம், குறைந்தபட்சம் 1,000 யூரோ, கூட 50, 50 என்று இரண்டு சிறு வரிகள். கணக்கைப் பதிவேட்டு மதிப்பில் போடச் சொல்லலாம். பதிவேட்டில் வீட்டுக்குக் குறித்திருக்கும் வருமான மதிப்பான ‘ரெந்தித்தா’ 200 என்றால், 126ஆல் பெருக்க 25,200, அதில் 9 சதவீதம் 2,268 யூரோ. 35,000 விலைமீது என்றால் 3,150 ஆகும். 18 மாதத்துக்குள் அந்த ஊருக்கே குடிபெயர்ந்து அதை முதல் வீடாக்கினால் 2 சதவீதம்தான், ஆனால் 1,000 யூரோ குறைந்தபட்சம் அப்போதும் உண்டு.

சாவி வாங்கும் நாளில் மின் மீட்டரைப் படம் எடுத்து, பழைய பில்லில் ‘IT’ என்று தொடங்கும் இணைப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பெயர் மாற்ற அதுதான் வேண்டும். சொத்து வரியான ‘இமூ’ ஜூன் 16, டிசம்பர் 16 என இரு தவணை. அதே 200 ரெந்தித்தாவுக்கு, விகிதம் 1.06 சதவீதமான ஊரில் ஆண்டுக்கு 356 யூரோ. இதற்கு நகராட்சி பில் அனுப்பும் என்று காத்திருக்க வேண்டாம். எஃப்24 படிவத்தில் நீங்களே கணக்குப் போட்டுக் கட்ட வேண்டும்.