ஆயில் போர்ட்ரெய்ட் கத்துக்கணுமா, வெர்மீர் படம் ஒண்ண எடுத்து காப்பி பண்ணுங்க

ஆயில் பெயின்ட்டிங்ல முகம் வரைய கத்துக்கறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், மாசக்கணக்கா வீடியோ பாக்கறத விட ஒரே ஒரு பழைய மாஸ்டர் படத்த எடுத்து, அவர் போட்ட அதே வரிசைல லேயர் லேயரா போட்டுப் பாருங்க.

நான் எடுத்தது டச்சு ஓவியர் வெர்மீரோட 'முத்துத் தோடு போட்ட பொண்ணு' (Girl with a Pearl Earring) படம். 1665 வாக்குல வரைஞ்சது, இப்ப ஹேக் நகரத்துல மொரிட்ஸ்ஹவுஸ் மியூசியத்துல இருக்கு. அளவு 44.5 க்கு 39 செ.மீ.தான், ஒரிஜினல் சைஸ்லயே வீட்ல வச்சு வரையலாம், கை விரல் எதுவும் படத்துல கிடையாது, வெளிச்சமும் இடது பக்கம் ஒரே இடத்துல இருந்து வருது, ஆரம்பிக்கறவங்களுக்கு இதவிட நல்ல படம் எனக்குத் தெரியல. பாத்து வரையறதுக்கு போட்டோ தேடும்போது மட்டும் பழைய பிரின்ட் வேணாம். 1994ல படத்த சுத்தம் பண்ணப்ப முத்து மேல இருந்த ஒரு வெள்ளைப் புள்ளி உரிஞ்சு ஒட்டிக்கிட்டிருந்த பெயின்ட் துணுக்குன்னு தெரிஞ்சு எடுத்துட்டாங்க, உதட்டு ஓரத்துல மறைஞ்சிருந்த ஒரு குட்டி ஹைலைட்டும் (வெளிச்சப் புள்ளி) வெளிய வந்துச்சு. பழைய பிரின்ட்ல ரெண்டுமே தப்பா இருக்கும்.

கலர எடுக்கவே எடுக்காதீங்க முதல்ல. 2018ல மியூசியம்காரங்க ஸ்கேன் பண்ணிப் பாத்ததுல அடில பிரவுன், கருப்புல வெளிச்சம் நிழல் மொத்தமும் போட்டு வச்சிருக்கார்னு தெரிஞ்சது, காது, தலைத்துணியோட மேல்பக்கம், கழுத்துப் பின்பக்கம் எல்லாம் இடம் மாத்தியும் இருக்கார். அதனால பர்ன்ட் அம்பர்ங்கற அடர் பிரவுன் கலர்ல பெயின்ட்ட நீர்க்க வைக்கற டர்பன்டைன் கொஞ்சம் விட்டு, நிழல மட்டும் போட்டுட்டு, கண்ண சுருக்கிப் பாருங்க, போன்ல பிளாக் அண்ட் ஒயிட்ல போட்டோ எடுத்து ஒரிஜினலோட பக்கத்துல வச்சுப் பாருங்க. இந்த ஸ்டேஜ்லயே ஆள் தெரியணும், தெரியலன்னா மேல எவ்ளோ நல்ல கலர் போட்டாலும் தேறாது. அம்பர் சீக்கிரம் காயும், அதுவும் ஒரு வசதி.

அதுக்கப்புறம் மூக்கு. இந்தப் படத்துல நான் ரொம்ப நேரம் உக்காந்தது இங்கதான். மூக்குத் தண்டுக்கும் அந்தப் பக்கத்து கன்னத்துக்கும் நடுவுல கோடே கிடையாது, ரெண்டும் ஒரே கலர்ல கலந்து போயிடுது, ஆனா பாக்கறப்ப மூக்கு முழுசா நிக்குது. நம்ம கை தானா ஒரு கோடு இழுக்கப் பாக்கும், விடாதீங்க, ஓக்கர் (மண் மஞ்சள்), ஒயிட், துளி சிவப்பு கலந்த அதே கலவைய ரெண்டு பக்கமும் போட்டு, பெயின்ட் ஈரமா இருக்கறப்பவே காஞ்ச சாஃப்ட் பிரஷ்ஷால லேசா தடவி விடுங்க. எட்ஜ்னா, அதாவது ஒரு வடிவம் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கற ஓரம்னா என்னன்னு எனக்குப் புரிஞ்சதே இந்த இடத்துலதான்.

வரிசைய மாத்தாதீங்க: பின்னணி, முகத் தோல், மஞ்சள் சட்டை, வெள்ளைக் காலர், தலைத்துணி, கடைசியா முத்து. அவரும் அப்படித்தான் போயிருக்கார். பின்னணி வெறும் கருப்பு இல்ல, பச்சைத் திரையா இருந்தது காலப்போக்குல மங்கிடுச்சு, அதனால சும்மா ட்யூப் கருப்ப அப்பாம மேல மெல்லிசா ஒரு பச்சை கிளேஸ், அதாவது அடில இருக்கறது தெரியற மாதிரி ஒரு லேயர், குடுங்க. நீலத்துக்கு அவர் லாபிஸ்ங்கற நீலக் கல்லுல செஞ்ச அல்ட்ராமரைன் போட்டார், நமக்கு கடைல கிடைக்கற அல்ட்ராமரைனே போதும். முத்துக்கு மேல ஒரு திக்கான வெள்ளை, கீழ காலரோட வெளிச்சம் படுற மாதிரி மங்கலா ஒரு தடவல், அவ்ளோதான், தோட்டுக்கு கொக்கி கூட அவர் வரையல, நீங்களும் வரையாதீங்க.

மேல மேல போற லேயர்ல லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) கொஞ்சம் கொஞ்சமா கூடணும், இல்லன்னா பின்னாடி வெடிப்பு விடும். ஜன்னல தொறந்து வைங்க. ஆயில் தொடச்ச துணிய சுருட்டிப் போடாதீங்க, தானா சூடாகி தீப்பிடிக்கும், விரிச்சுக் காயவிட்டு அப்புறம் தூக்கிப் போடுங்க. வார்னிஷ் மட்டும் நல்லா காஞ்சு பல மாசம் கழிச்சு, ஆறு மாசமாவது.