இரு பக்கமும் இறங்கிய இலை

ரெக்கார்டு நோட்டில் நான் சிவப்பு மையால் அடித்த வரி இது: "ஒளி பட்டவுடன் துத்தநாகத் தகடு கதிரியக்கம் கொள்கிறது." அடித்தது சரிதான், அந்த நோட்டு இன்று மறுபடி என் மேசைக்கு வந்தாலும் அடிப்பேன். ஆனால் அடித்த பிறகு நடந்த பேச்சை ஏன் இத்தனை முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கிறேன் என்பது எனக்கே விளங்கவில்லை.

சோதனை நிலைமின்காட்டியில்: மேலே உள்ள துத்தநாகத் தகட்டுக்கு மின்னூட்டம் கொடுத்தால் உள்ளே மெல்லிய உலோக இலை விரிந்து நிற்கும், மின்னூட்டம் போனால் இறங்கும். அந்த வரியை எழுதிய மாணவி நோட்டை எடுத்துக்கொண்டு வந்து கேட்டாள்: "போன வாரம் தோரியம் இருக்கிற பெட்ரோமாக்ஸ் மேன்டிலைக் கிட்டே கொண்டுபோனோம், இலை இறங்குச்சு. இன்னிக்கு விளக்கைக் காட்டினோம், இலை இறங்குச்சு. ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

எனக்குப் பிடித்த பாடம் என்பதால் விரிவாகவே சொன்னேன். துத்தநாகத்தின் வெளியேற்று ஆற்றல், அதாவது அதிலிருந்து ஓர் எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல், ஏறத்தாழ 4.3 எலக்ட்ரான் வோல்ட். பாதரச விளக்கின் 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் ஒரு ஃபோட்டான், அதாவது ஒரு ஒளித்துகள், 4.9 எலக்ட்ரான் வோல்ட் கொண்டுவருகிறது, அதனால் மேற்பரப்பிலுள்ள எலக்ட்ரான் விடுபடுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஊதா முனைகூட 3.1-ஐச் சுற்றியே நிற்பதால், எத்தனை பிரகாசமாக வெளிச்சம் போட்டாலும் அந்தத் தகட்டிலிருந்து எலக்ட்ரான் விடுபடாது. தோரியத்தின் கதை வேறு. அங்கே அணுக்கருவே சிதைந்து, ஏறத்தாழ 40 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு ஆல்பா துகளை வீசுகிறது. அதற்கு ஒளி பட்டாலும் ஒன்றுதான், படாவிட்டாலும் ஒன்றுதான். 1896-இல் வெயில் வரவில்லை என்று பிரெஞ்சு இயற்பியலாளர் பெக்கெரல் யுரேனிய உப்பையும் கறுப்புத்தாளில் சுற்றிய ஒளிப்படத் தகட்டையும் மேசை இழுப்பறைக்குள் வைத்ததையும், அந்த இருட்டிலேயே தகட்டில் தடம் விழுந்திருந்ததையும் சொன்னேன்.

"அதெல்லாம் உள்ளே நடக்கிறது சார். இலையை மட்டும் பார்த்து எப்படிச் சொல்றது?"

நல்ல கேள்வி. நல்ல விடையும் என்னிடம் இருந்தது. நேர்மின்னூட்டம் கொடுத்துப் பார், என்றேன். நேர்மின்னூட்டமுள்ள தகட்டிலிருந்து விடுபடும் எலக்ட்ரானைத் தகடே திரும்ப இழுத்துக்கொள்ளும், ஆகையால் புற ஊதா ஒளியில் இலை இறங்காது. மேன்டிலோ காற்றையே அயனிகளாக உடைக்கிறது. அங்கே இரு வகை அயனிகளும் இருப்பதால் தகட்டில் எந்த மின்னூட்டம் இருந்தாலும் கரைந்துபோகும். இரண்டுக்கும் இறங்கினால் கதிரியக்கம், எதிர்மின்னூட்டத்துக்கு மட்டும் இறங்கினால் ஒளி. இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது என்று அப்போது நினைத்தேன்.

அவள் அப்படியே செய்தாள். நேர்மின்னூட்டம் கொடுத்து விளக்கைப் போட்டாள். இலை மெதுவாக இறங்கியது. விளக்கை அணைத்தாள்; அப்போதும் இறங்கியது. எதிர்மின்னூட்டத்துக்கும் ஏறக்குறைய அதே வேகம். காலையில் உப்புத்தாளால் தேய்த்த தகட்டின் மேல் ஆக்சைடு படர்ந்து பளபளப்பு போயிருந்தது; காற்றின் ஈரத்தில் மின்காப்பு வழியாக மின்னூட்டம் கசிந்துகொண்டிருந்தது. நிலைமின்காட்டியோடு பல ஆண்டுகள் மல்லுக்கு நின்றவன் என்பதால் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிய வழியில்லை. இலையைப் பார்த்தபடியே கேட்டாள்: "நீங்க சொன்ன விதிப்படி பார்த்தா, இந்தத் தகடு இப்போ கதிரியக்கத் தகடுதானே சார்?"

பக்கத்து மேசையில் இருவர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஈரம்மா அது. நேரமாச்சு, திருத்தி எழுதிக் கொடு" என்றேன்.

பொய் எதுவும் சொல்லவில்லை. ஈரம்தான். மேலும் இருபது நோட்டுகள் காத்திருந்தன. மின்காப்பைக் காயவைத்துத் தொடக்கத்திலிருந்து செய்து காட்ட அன்று நேரமும் இல்லை. ஆனால் என் விதியைப் பிசகாமல் பயன்படுத்தியது அந்த அறையில் அவள் ஒருத்திதான். 'மின்காப்பு ஒழுங்காக இருந்தால்' என்ற நிபந்தனையை விட்டுவிட்டு விதியைச் சொன்னவன் நான்.

இதில் இன்னொரு முள்ளும் உண்டு. 1900-ஐ ஒட்டி எல்ஸ்டர், கைட்டல், வில்சன் ஆகிய இயற்பியலாளர்கள் நன்றாகக் காப்பிட்ட கருவிகளிலும் மின்னூட்டம் மெல்லக் கரைவதைக் கவனித்தார்கள். எந்த மின்னூட்டமானாலும் கரைந்தது. அதில் ஒரு பங்கு மண்ணிலும் காற்றிலும் உள்ள கதிரியக்கத்தால் வந்தது. மீதி எங்கிருந்து வருகிறது என்று அறிய ஆஸ்திரிய இயற்பியலாளர் ஹெஸ் 1912-இல் பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேல் ஏறிப் பார்த்தார். உயரத்தில் அயனியாக்கம் கூடியது, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் தெரியவந்தன. அதாவது, இரு பக்கமும் இறங்கும் இலையைப் பார்த்து 'இங்கே ஏதோ கதிர் இருக்கிறது' என்று எண்ணியவர்கள் முன்பும் இருந்தார்கள், அவர்கள் எண்ணியது சரியாகவும் இருந்தது. அவர்கள் முதலில் மின்காப்பைச் சரிபார்த்தார்கள் என்பது உண்மை. அதைச் சரிபார்க்கச் சொல்லித்தர வேண்டியவன் சிரித்துக்கொண்டிருந்தான் என்பதும் உண்மை.

எனக்குச் சாதகமாகவும் ஒருவர் இருக்கிறார். பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் லெ போன், சாதாரண உலோகங்களின் மேல் ஒளி படும்போது வெளிப்படுவதும் யுரேனியத்திலிருந்து வெளிப்படுவதும் ஒரே வகை என்று விடாப்பிடியாக வாதிட்டவர். அந்த மாணவியின் வரிதான் அது. அடிக்காமல் விட்டிருந்தால் அவளும் அந்த வழியில் போயிருக்கலாம் என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் லெ போனுக்கு விடை சொன்னவர்கள் சோதனை செய்து காட்டினார்கள்.

எல்லோரும் போன பிறகு மின்காப்பைச் சூடான காற்றில் காயவைத்து, தகட்டைப் புதிதாகத் தேய்த்து, நேர்மின்னூட்டம் கொடுத்து விளக்கைப் போட்டேன். இலை நின்றது. எதிர்மின்னூட்டத்தில் சட்டென்று விழுந்தது. விதி தப்பிவிட்டது, பார்க்கத்தான் யாருமில்லை. மறுபடி நேர்மின்னூட்டம் கொடுத்து, விளக்கை அணைத்துவிட்டு, மிச்ச நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். அவளுடையது நடுவில் இருந்தது. அடித்த வரிக்குக் கீழே நான் சொன்ன வாக்கியத்தை ஒரு சொல் மாறாமல் எழுதியிருந்தாள். பத்துக்கு எட்டு போட்டுக் கையெழுத்திட்டேன். கடைசி நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்தபோது இலை ஒரு மயிரிழை இறங்கியிருந்தது. அதில் ஈரம் எவ்வளவு, ஹெஸ்ஸின் பங்கு எவ்வளவு என்று என் மேசையில் இருந்த எந்தக் கருவியாலும் பிரித்துச் சொல்ல முடியாது.