தான், ஓ, ஆ எல்லாம் ஆங்கிலத்தில் குரலில் இருக்கின்றன: ஒரு சிறுகதையை வைத்துப் பயிற்சி

ஆங்கிலக் கதையைச் சத்தமாகப் படித்தால் பேச்சு வந்துவிடும் என்று சொல்வார்கள். படிப்பு வேகமாகும், அவ்வளவுதான். எல்லா அசைக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்துத் தமிழ் ஓசையில் படித்தால், எத்தனை கதை படித்தாலும் அந்த ஓசைதான் வாயில் இன்னும் இறுகும். முதலில் காதால் கேட்கவேண்டும். குரல் எங்கே ஏறுகிறது, எங்கே விழுகிறது, எந்தச் சொல் பாதி விழுங்கப்படுகிறது என்று தாளில் குறிக்கவேண்டும். வாய் திறப்பது அதற்குப் பிறகுதான்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? தமிழில் கேள்வி கேட்க ஒரு 'ஆ' போதும்: உன்னுடையதா? ஒன்றை அழுத்திச் சொல்ல 'தான்' இருக்கிறது. ஒன்றோடு இன்னொன்றை வேறுபடுத்த 'ஓ' இருக்கிறது: அவனுடையது பெரியது, என்னுடையதோ சிறியது. குரல் தட்டையாக இருந்தாலும் இந்த ஒட்டுகள் பொருளைக் காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் இந்த வேலையில் பெரும்பகுதியைக் குரலின் ஏற்ற இறக்கமே செய்கிறது. சொற்களை எல்லாம் சரியாகப் போட்டுவிட்டுக் குரலைத் தட்டையாக விட்டால், நாம் சொன்னதில் 'தான்' இருந்ததா 'ஓ' இருந்ததா என்று கேட்பவருக்குத் தெரியாது.

கதையைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கறாராக இருங்கள். 300 முதல் 500 சொற்களுக்குள் இருக்கட்டும். இயல்பான வேகத்தில் வாசிப்பவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 சொற்கள் வாசிப்பார். ஆக, இரண்டிலிருந்து மூன்றரை நிமிட ஒலிப்பதிவு. மூன்றில் ஒரு பங்காவது உரையாடல் வேண்டும், ஏனென்றால் வெறும் வருணனையில் கேள்வி, சந்தேகம், மறுப்பு எதுவும் வராது. தெரியாத சொல் நூற்றுக்கு இரண்டு மூன்றைத் தாண்டினால் கவனம் முழுக்க அகராதிக்குப் போய்விடும். ஓசை காதில் விழாது. ஒலிப்பதிவு இல்லாத கதையை எடுக்கவே வேண்டாம். லிப்ரிவாக்ஸ் தளத்தில் 2005 முதல் தன்னார்வலர்கள் வாசித்த பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவை காப்புரிமை முடிந்த பழைய நூல்கள். இன்று யாரும் பேசாத சொற்றொடர்கள் அதில் நிறைய வரும், வாசிப்பின் தரமும் ஆளுக்கு ஆள் மாறும். கற்பவர்களுக்கென்று மிக மெதுவாக வாசித்த பதிவுகளிலும் ஒரு சிக்கல் உண்டு. சொற்களைப் பிரித்துப் பிரித்துச் சொல்லும்போது, நாம் பிடிக்க நினைக்கும் ஒட்டும் விழுங்கலும் காணாமல் போய்விடுகின்றன. பிரிட்டிஷ் குரலோ அமெரிக்கக் குரலோ, எதுவானாலும் சரி. ஒரு கதைக்கு ஒரே குரலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னப் பகுதியைப் பிரித்துப் பார்த்தால் புரிந்துவிடும். கீழே தமிழெழுத்தில் இருப்பது சொல்லை அடையாளம் காட்ட மட்டும். இதை உச்சரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நோட்டில் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். 'டேபிள்', 'டவுன்' என்பவற்றின் முதலில் வரும் இரண்டு வேறு ஒலிகளுக்கும் நம் 'ட' ஒன்றாகவே நிற்பதால் தமிழெழுத்தில் குறித்துவைத்தால் பிழையும் சேர்ந்து பதிந்துவிடும்.

"தி ஓல்ட் மேன் புட் த கீ ஆன் த டேபிள். 'இஸ் திஸ் யோர்ஸ்?' ஹி ஆஸ்க்ட். 'நோ,' ஷி ஸெட். 'மைன் வாஸ் ஸ்மாலர்.' 'தென் ஹூஸ் இஸ் இட்?' ஹி பிக்ட் இட் அப், டர்ன்ட் இட் ஓவர், அண்ட் புட் இட் டவுன் அகெய்ன்."

முதல் வாக்கியத்தில் எடை தாங்கும் சொற்கள் ஓல்ட், மேன், புட், கீ, டேபிள். மற்றவை இடைவெளியை நிரப்ப வருபவை. 'ஆன் த' இரண்டையும் சேர்த்து, 'கீ' என்ற ஒற்றைச் சொல்லுக்கு எடுக்கும் நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். அவற்றில் வரும் உயிர் தன் நிறத்தை இழந்து மங்கலாக ஒலிக்கும். ஆங்கிலத்திலேயே அதிகமாக வரும் உயிரொலி இந்த மங்கல் ஒலிதான். அதற்கென்று ஆங்கிலத்தில் தனி எழுத்துக் கிடையாது. நமக்கு இது முற்றிலும் அன்னியமும் இல்லை. 'காடு', 'பட்டு' என்னும்போது கடைசி உகரத்தை யாரும் முழுதாகச் சொல்வதில்லையே. அரை மாத்திரைக் குற்றியலுகரம். அந்தச் சுருக்கத்தைச் சொல்லின் ஈற்றில் மட்டும் இல்லாமல் வாக்கியத்தின் நடுவிலும் பழகவேண்டும், அவ்வளவே. இன்னொன்று: முதலில் வருவது 'தி ஓல்ட்', பிறகு வருவதெல்லாம் 'த கீ', 'த டேபிள்'. உயிரொலிக்கு முன்னால் 'தி', மெய்க்கு முன்னால் 'த'.

'இஸ் திஸ் யோர்ஸ்?' என்பதில் ஏற்றம் 'யோர்ஸ்' என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. பலர் 'இஸ்' என்று வாய் திறந்ததுமே குரலை உயர்த்திவிட்டு, கடைசியில் கீழே போடுவார்கள். அப்போது அது கேள்வியாகக் கேட்காது, விசாரணைபோல ஒலிக்கும். 'திஸ்' மீது அழுத்தினால் பொருளே வேறு: பல சாவிகளில் இதுவா உன்னுடையது என்றாகிவிடும். பின்னால் வரும் 'ஹி ஆஸ்க்ட்' தனி அழுத்தம் பெறாது. கேள்வியின் வாலாக ஒட்டிக்கொண்டு வரும். அதைப் புது வாக்கியம்போலத் தொடங்கினால் பாடநூல் வாசிப்பின் வாடை வந்துவிடும்.

'மைன் வாஸ் ஸ்மாலர்.' இதுதான் இந்தப் பகுதியிலேயே கடினமான இடம். 'மைன்' என்ற ஒற்றை அசையில் குரல் இறங்கி மறுபடி ஏறவேண்டும். 'ஸ்மாலர்' முதல் அசையில் தெளிவாக இறங்கவேண்டும். அந்த இறங்கி ஏறும் வளைவுதான் 'என்னுடையதோ' என்பதில் உள்ள 'ஓ'. அதை விட்டுவிட்டால் 'என்னுடையது சிறியது' என்ற தகவல் மட்டும் மிஞ்சும்; 'இது இல்லை' என்ற தொனி போய்விடும். 'ஸ்மாலர்' எழுத்தில் இரட்டை எல் இருப்பதைப் பார்த்து 'ல்ல' என்று இரட்டிக்காதீர்கள். தமிழில் 'பலி', 'பல்லி' வேறு வேறு. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் எழுத்தை இரட்டித்து எழுதியதால் மெய் நீளாது. சம்மர், டின்னர், ஹேப்பி என்று நாம் இரட்டித்துச் சொல்வதெல்லாம் எழுத்தைப் பார்த்துச் செய்யும் பிழைதான்.

'தென் ஹூஸ் இஸ் இட்?' இதில் அழுத்தம் எங்கே? 'ஹூஸ்' மீது என்று தோன்றும். இல்லை, 'இஸ்' மீது. கேள்விச்சொல், 'இஸ்' வகைச் சொல், பிறகு பிரதிப்பெயர் என்று மூன்றும் வரிசையாக வந்து அதோடு கேள்வி முடிந்தால், நடுவில் இருப்பதுதான் பொதுவாக எடை தாங்கும். 'வேர் இஸ் ஷி?', 'வாட் இஸ் இட்?' எல்லாம் அப்படியே. இந்தக் கேள்வியில் குரல் ஏறாது, இறங்கும். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்குத்தான் வழக்கமாக ஏற்றம். ஏன், எங்கே, யார் என்று கேட்பவை இறங்கியே முடியும். அங்கேயும் ஏற்றினால், பதிலைச் சரியாகக் கேட்காமல் திரும்பக் கேட்பதுபோல ஆகிவிடும்.

கடைசி வாக்கியத்தில் மூன்று செயல்கள். 'அப்', 'ஓவர்' இரண்டும் ஏற்றத்தில் நிற்கும், 'டவுன்' இறக்கத்தில். 'அகெய்ன்' அந்த இறக்கத்தின் அடியில் எடையில்லாமல் போகும். வாக்கியத்தின் கடைசிச் சொல் என்பதற்காக அதை அழுத்தவேண்டாம். 'பிக்ட் இட் அப்' என்பதில் மூன்று சொற்கள் தனித்தனியாகக் கேட்காது, 'பிக் டி டப்' போல ஓடும். முந்தைய சொல்லின் கடைசி மெய் அடுத்த சொல்லின் உயிரோடு சேர்கிறது. உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது என்று நன்னூல் சொல்லும் அதே காரியம். நாம் தமிழில் யோசிக்காமல் செய்வதை ஆங்கிலம் என்றதும் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் ஒரு 'உ' போட்டு மூடுகிறோம். அந்த 'உ'வை விட்டாலே பேச்சில் பாதி சரியாகும்.

இதே பகுதியில் புட், கீ, டேபிள், பிக்ட், டர்ன்ட் என்று வல்லொலியில் தொடங்கும் சொற்கள் ஐந்து. அழுத்தம் பெறும் அசையின் முதலில் ப், ட், க் வந்தால் ஆங்கிலத்தில் காற்று சற்றுப் பலமாக வெளிவரும். ஒரு துண்டுக் காகிதத்தை உதட்டுக்கு இரண்டு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு 'புட்' என்று சொல்லுங்கள், காகிதம் படபடக்கவேண்டும். அசையாவிட்டால், ஆங்கிலக் காதுக்கு நம் 'பிக்', 'பிக் பாஸ்' என்பதில் வரும் 'பிக்' போலக் கேட்க வாய்ப்புண்டு.

பயிற்சி நாளுக்கு இருபது நிமிடம் போதும். முதல் நாள் எழுத்தைப் பார்க்காமல் இரண்டு தடவை கேட்டு, யார், எங்கே, என்ன நடந்தது என்று மூன்று வரி எழுதுங்கள். அடுத்து எழுத்தோடு கேட்டு, பென்சிலால் நிறுத்தம் வரும் இடத்தில் சாய்கோடு, எடை தாங்கும் அசைக்கு அடிக்கோடு, ஏற்ற இறக்கத்துக்கு அம்புக்குறி போடுங்கள். ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் இடையில் பொதுவாக மூன்று முதல் ஏழு சொற்கள் இருக்கும். அந்தத் துண்டுதான் பயிற்சியின் அலகு, முழு வாக்கியம் அல்ல. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அந்தத் துண்டை மட்டும் தேர்ந்து திரும்பத் திரும்ப ஓடவிடலாம். முதலில் வாயை மூடி, சொல் இல்லாமல், மெட்டை மட்டும் 'ம்ம்ம்' என்று முனகுங்கள். முனகலில் வளைவு சரியாக வந்த பிறகே சொற்களைப் போடவேண்டும். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். அதனால்தான் சொல் வாயில் வந்ததும் பழைய ஓசையும் கூடவே வந்துவிடுகிறது. பிறகு பதிவோடு சேர்ந்தே, அரை நொடி பின்தங்கி, நிழல்போலத் தொடருங்கள். வேகம் தாங்கவில்லையென்றால் 0.75 வரை குறைக்கலாம். அதற்குக் கீழே போனால் ஒலி இழுபட்டு, மங்கவேண்டிய உயிரெல்லாம் நீண்டு கேட்கும்.

உங்கள் குரலைக் கைபேசியில் பதிந்து, நேரத்தைப் பாருங்கள். மூல வாசிப்பு மூன்று நிமிடம், உங்களுடையது நான்கு என்றால் வேகமாகப் பேச முயலாதீர்கள். கூடுதல் நேரம் எங்கே போனது என்று தேடுங்கள்; பெரும்பாலும் 'வாஸ்', 'ஆஃப்', 'டு', 'ஃபார்' போன்ற சின்னச் சொற்களை முழு உருவில் சொன்னதில் போயிருக்கும். கேட்கும் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சோதியுங்கள்: ஒருமுறை அழுத்தம், ஒருமுறை ஏற்ற இறக்கம், ஒருமுறை சொல்லின் ஈறு. காதை நம்ப முடியாவிட்டால், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான பிராட் என்ற இலவச மென்பொருள் குரலின் உயரத்தைக் கோடாகவே வரைந்து காட்டும். அதில் கோட்டின் வடிவத்தை ஒப்பிடுங்கள், உயரத்தை அல்ல. ஆண் குரலும் பெண் குரலும் ஒரே உயரத்தில் வராது. ப், ட், க், ஸ் வரும் இடத்தில் கோடு அறுந்திருப்பதும் பிழையில்லை, அங்கே குரல்நாண் அதிர்வதில்லை.

சொற்களுக்கு வருவோம். ஒரு கதையிலிருந்து எட்டு, பத்துக்கு மேல் எடுக்கவேண்டாம். கதைகளில் முணுமுணுத்தான், தோளைக் குலுக்கினான் என்று விதவிதமான வினைகள் வரும். படிக்கும்போது புரிந்தால் போதும், பேச்சில் அவற்றுக்கு வேலை குறைவு. 'பிக் அப்', 'டர்ன் ஓவர்', 'புட் டவுன்' மாதிரியானவை தினமும் வேண்டும். அவற்றைத் தனிச் சொல்லாக எழுதாமல், கதையில் வந்த துண்டாகவே, 'பிக்ட் இட் அப்' என்று அடிக்கோட்டோடு எழுதுங்கள். 'இட்' நடுவில்தான் வரும், 'பிக்ட் அப் இட்' என்று வராது என்பதும், எடை 'அப்' மீது என்பதும் சேர்ந்தே மனத்தில் பதியும். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் என்று இடைவெளி விட்டுத் திரும்பப் பாருங்கள். மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே அளந்து காட்டிவிட்டார்.

கதை நன்றாகப் பழகிய பிறகு, தாளை மூடிவிட்டுச் சொந்த வாக்கியத்தில் நான்கு நிமிடம் சொல்லுங்கள். அதே கதையை மூன்று நிமிடத்தில், பிறகு இரண்டு நிமிடத்தில். இந்த 4/3/2 முறையில் தயக்கமும் தேவையற்ற சொற்களும் தானாகக் கழன்றுவிடும். அடுத்த சுற்றில் உரையாடலை அயற்கூற்றாக மாற்றுங்கள்: 'ஹி ஆஸ்க்ட் இஃப் இட் வாஸ் ஹெர்ஸ்.' இங்கே கேள்விக்குரிய சொல்வரிசையும் போய்விடுகிறது, ஏற்றமும் போய்விடுகிறது. 'ஹி ஆஸ்க்ட் ஹூஸ் இட் வாஸ்' என்பதை 'ஹூஸ் வாஸ் இட்' என்று சொல்லிவிடுவது நம்மிடம் மிகப் பரவலான பிழை. பத்துத் தடவை வாய்விட்டுச் சொன்னால்தான் விலகும்.

ஒரு கதைக்கு இரண்டு வாரம் கொடுக்கலாம். இரண்டாவது கதையில் வரிசையைத் திருப்புங்கள். கேட்பதற்கு முன்பே பென்சிலால் அழுத்தமும் அம்புக்குறியும் ஊகித்துப் போட்டுவிட்டு, பிறகு கேட்டு, மாறும் இடங்களைச் சிவப்பு மையில் திருத்துங்கள். சிவப்பு அதிகம் விழும் இடம் பெரும்பாலும் வாக்கிய ஈறாகத்தான் இருக்கும்: நீங்கள் அடிக்கோடிட்ட 'இட்', 'அகெய்ன்' போன்றவை எடையற்றுப் போயிருக்கும், எடையில்லை என்று விட்ட 'அட்', 'ஃபார்' போன்றவை ஈற்றில் நிற்பதால் அழுத்தம் பெறாவிட்டாலும் மங்காமல் முழு உயிரோடு ஒலிக்கும்.